படுதாவுக்குள்ள படுத்திருக்கும் ஸ்ப்ரிங்!

'கேரவன்'னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? கூலிங் கிளாஸ் ஹீரோ, ஜில்லுனு ஏ.சி., "ஷாட் ரெடி சார்"னு கதவைத் தட்டுற அசிஸ்டென்ட் டைரக்டர்... கரெக்ட்தானே? பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் பக்கம் பஸ்ல போறவங்க, அங்கே இருக்கிற ஃபிலிம் சிட்டி புண்ணியத்துல அப்படி ஒண்ணு ரெண்டு வண்டிகளை நேர்லயே பார்த்திருப்பீங்க.

அடுத்த தடவை பார்க்கிறப்போ, உள்ளே யார் இருக்காங்கன்னு எட்டிப் பார்க்காம வண்டியோட பக்கவாட்டைக் கொஞ்சம் கவனிங்க. கதவுக்கு மேல, சுருட்டி வெச்ச கோரைப்பாய் மாதிரி நீளமா ஒரு குழாய் இருக்கும். இழுத்தா துணிப் பந்தலா விரியும். கீழே நாலு சேர் போட்டு உட்கார்ந்து டீ குடிக்கலாம். வேலை முடிஞ்சதும் சுருட்டினா சமர்த்தா உள்ளே போயிடும். இங்கிலீஷ்ல 'ஆனிங்'. நம்ம ஊரு பாஷையில படுதா. மோட்டார் இல்லாம, கையாலேயே இழுத்து மூடுற படுதா ரிப்பேர்தான் இந்த வார மேட்டர்!

"அட போங்க பாஸ்... பைக்குக்கு பெட்ரோல் போடவே காசு இல்லை. இதுல கேரவனுக்குப் படுதா ரிப்பேரா?"ன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. அந்தக் குழாய்க்குள்ள ஒரு பாடம் ஒளிஞ்சிருக்கு. படிப்பு முடிச்சு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் டிரெய்னியா உள்ளே நுழையப்போற உங்க பத்து விரலுக்கும் அதுதான் இன்ஷூரன்ஸ்!

ஒரகடத்துக்கும் கேரவனுக்கும் என்ன கனெக்‌ஷன்?

வண்டலூர்-வாலாஜாபாத் ரோடும், சிங்கப்பெருமாள் கோயில்-ஸ்ரீபெரும்புதூர் ரோடும் ஒண்ணையொண்ணு வெட்டிக்கிற இடம்தான் ஒரகடம். அந்த ஜங்ஷன்ல நின்னு நாலு பக்கமும் பார்த்தா, சக்கரம் வெச்ச எல்லாத்துக்கும் இங்கேதான் பிறந்த வீடோன்னு தோணும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் 'சான்ட்ரோ'வோட பிள்ளையார் சுழி போட்டுச்சு. 2010-ல் ஒரகடத்துல ரெனோ-நிஸான் கார் ஆலையும் அப்போலோ டயர் ஆலையும் வந்தாச்சு. 2012-ல் டைம்லரோட பாரத்பென்ஸ் லாரி ஆலை. 2013-ல் ராயல் என்ஃபீல்டு. வண்டிகளை ஓட்டி, உருட்டி, சோதனை பண்ணி சர்ட்டிஃபிகேட் கொடுக்கிற குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரும் இதே ஒரகடத்துலதான்.

டைம்லர் 2015-ல் அதே வளாகத்துல பஸ் தயாரிப்பையும் ஆரம்பிச்சது. 2021-ல் கேரளா அரசு கேரவன் டூரிஸத்துக்குன்னு தனியா ஒரு கொள்கையே அறிவிச்சுது. 'கேரவன் கேரளா'ன்னு பேரு. அறிவிச்ச கொஞ்ச நாள்லயே அங்கே காட்சிக்கு வந்து நின்ன கேரவன், பாரத்பென்ஸ் 1017 பஸ் சேசிஸ் மேல கட்டினது. அடுத்த வருஷம் வாகமன்ல கேரவன்கள் நிறுத்தித் தங்குறதுக்குன்னே ஒரு பார்க்கும் வந்துடுச்சு. மேலே கட்டில், கிச்சன், படுதா எல்லாம் பூட்டுறது வேற ஊர் பாடி பில்டருங்களா இருக்கலாம். ஆனா அந்த வண்டியோட முதுகெலும்பு நம்ம ஒரகடத்து சரக்கு!

வண்டி புதுசா இருக்கிற வரைக்கும் எல்லாம் சூப்பர். ரெண்டு மழை, மூணு வெயில் தாங்கினதும் முதல்ல 'ஐயோ'ன்னு கத்துறது இந்தப் படுதாதான். இன்ஜினுக்கு சர்வீஸ் சென்டர் இருக்கு. இதுக்கு? யார் கையில ஸ்பேனர் இருக்கோ அவங்கதான் டாக்டர். அங்கேதான் வில்லங்கமும் ஆரம்பிக்குது.

உள்ளே யாரு?

கையால இழுக்கிற படுதாவுல ரெண்டு ஜாதி உண்டு. ஒண்ணு, கைப்பிடியைச் சுத்தி இறக்குறது. நம்ம ஊர் பேக்கரி, மெடிக்கல் ஷாப் வாசல்ல நீளக் கம்பியை மாட்டி சுத்துவாங்களே, அதே குடும்பம். அதுல கியர் இருக்கும். சுத்துறதை நிறுத்தினா அங்கேயே நிக்கும். பெரும்பாலும் சாது.

இன்னொண்ணு, நாடாவைப் பிடிச்சு இழுக்கிறது. அமெரிக்க கேரவன்கள்ல ரொம்பக் காலமா இருக்கிறது இதுதான். இதுல குழாயோட ரெண்டு முனையிலயும் உள்ளே நீளமா ஒரு சுருள் ஸ்ப்ரிங் படுத்திருக்கும். நீங்க இழுக்க இழுக்க குழாய் உருளும், ஸ்ப்ரிங் முறுக்கேறும். திரும்ப விடும்போது அந்த முறுக்குதான் துணியைச் சுருட்டிக்கிட்டு உள்ளே போகும். நடுவுல ஓடிப் போயிடாம பிடிச்சு நிறுத்த ஒரு முனையில ராட்செட் இருக்கும். அதோட குட்டி லீவரைத் தள்ளினா ஒரு திசையில மட்டும் உருளும், மறுபக்கம் தள்ளினா எதிர் திசையில. வெளியே ரெண்டு கை, அதாவது துணியைத் தாங்குற அலுமினியக் கால்கள். வண்டி உச்சியில ஒரு தண்டவாளம் மாதிரி பள்ளம். துணியோட ஓரத்துல கயிறு வெச்சு மடிச்சுத் தைச்சு, அந்தப் பள்ளத்துல நுழைச்சிருப்பாங்க. அவ்வளவுதான் மொத்த சமாசாரமும்!

இந்த ஐடியாவுக்கு வயசு நூத்தி அறுபதுக்கு மேல. 1864-ல் அமெரிக்காவுல ஸ்டூவர்ட் ஹார்ட்ஸ்ஹார்ன்ங்கிறவர் ஜன்னல் திரைக்காக ஸ்ப்ரிங் வெச்ச உருளைக்கு பேட்டன்ட் வாங்கினார். மெதுவா விட்டா ஒரு சின்னக் கொக்கி விழுந்து பிடிச்சுக்கும். சட்டுனு ஒரு சுண்டு சுண்டினா கொக்கி விலகி திரை மேலே ஓடிடும். கேரவன் படுதா அவரோட திரைக்குக் கொள்ளுப்பேரன்னு வெச்சுக்கலாம்.

இன்னொரு சொந்தக்காரர் உங்க தெருவுலயே இருக்கார். மளிகைக்கடை ஷட்டர்! அவ்வளவு கனமான இரும்புக் கதவை ஒரு ஆள் கொக்கிக் கம்பியால 'சர்ர்ர்'னு மேலே தள்ளிடறாரே, அவர் என்ன பயில்வானா? மேலே பெட்டிக்குள்ள ஸ்ப்ரிங் முறுக்கிக்கிட்டு நின்னு பாதி பாரத்தைச் சுமக்குது, அதான்.

கிளாஸ்ல தூங்கினவங்களுக்கு ஒரு குட்டிக் கணக்கு

ராபர்ட் ஹூக் ஞாபகம் இருக்காரா? ஸ்ப்ரிங்கை எவ்வளவு இழுக்கிறமோ அவ்வளவு விசையோட அது திருப்பி இழுக்கும்னு சொன்ன புண்ணியவான். 1676-ல் இந்த விதியை எழுத்துகளைக் கலைச்சுப் போட்டு ஒரு புதிரா வெளியிட்டார். விடையை 1678-ல்தான் சொன்னார். ரெண்டு வருஷம் சஸ்பென்ஸ்!

முறுக்கு ஸ்ப்ரிங்குக்கும் அதே விதிதான். ஆனா உஷாரா கவனிக்க வேண்டியது வேற. விசை சுத்துகளோட எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி ஏறும். உள்ளே சேருற ஆற்றல் அந்த எண்ணிக்கையோட வர்க்கத்துல ஏறும். சுத்து ரெண்டு மடங்குன்னா ஆற்றல் நாலு மடங்கு.

சும்மா ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். குழாயோட ஆரம் 4 சென்டிமீட்டர். ஒரு சுத்துக்கு சுமார் 25 சென்டிமீட்டர் துணி வெளியே வரும். 2.5 மீட்டர் இழுத்தா 10 சுத்து. ஸ்ப்ரிங் எப்பவும் இறுக்கமா இருக்கணும்ங்கிறதுக்காக, பூட்டும்போதே 10 சுத்து முன்கூட்டியே முறுக்கி வெச்சிருக்காங்கன்னு வெச்சுக்குங்க. ஸ்ப்ரிங்கோட கெட்டித்தன்மை ரேடியனுக்கு 0.05 நியூட்டன் மீட்டர்.

படுதா மூடியிருக்கும்போது 10 சுத்து, அதாவது 62.8 ரேடியன். உள்ளே இருக்கிற ஆற்றல் சுமார் 99 ஜூல். 10 கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் உயரத்துல தூக்கிப் பிடிச்சிருக்கிறதுக்குச் சமம். முழுசா விரிச்சா 20 சுத்து. ஆற்றல் சுமார் 395 ஜூல். 20 கிலோ மூட்டையை ரெண்டு மீட்டர் உயரத்துல பிடிச்சிருக்கிற கணக்கு. இது ஒரு ஸ்ப்ரிங்குக்கு. அந்தப் பக்கம் இன்னொண்ணு இருக்கு!

இப்போ முதல் வரியை மறுபடி படிங்க. மூடியிருக்கும்போது கூட 99 ஜூல். பார்க்கிறதுக்கு என்னவோ பாய் மாதிரி அமைதியா சுருண்டு கிடக்கு. ஆனா உள்ளே ஒரு மூட்டை அந்தரத்துல தொங்குது. நாலு ரிவிட்டை எடுத்தா விழறது உங்க கை மேலதான்.

நாமளே பண்ணக்கூடிய வைத்தியம்

முதல்ல நல்ல சேதி. படுதாவுக்கு வர்ற வியாதிகள்ல பாதிக்கு மேல ஸ்ப்ரிங்குக்குப் பக்கத்துல போகவே வேண்டாம்.

கிழிசல்: துணியை சோப்புத் தண்ணியால மெதுவாத் தேய்ச்சு, நல்லாக் காய வெச்சு, அப்புறம்தான் பேட்ச். ஈரத்துல ஒட்டினது மறுநாளே பல்லைக் காட்டும். பேட்ச் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் நாலஞ்சு சென்டிமீட்டர் பெருசா இருக்கட்டும். மூலைகளை வட்டமா வெட்டுங்க. கூரான மூலைதான் காத்துல முதல்ல உரிய ஆரம்பிக்கும். முடிஞ்சா மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் ஒட்டுங்க.

தையல் விட்டுப்போறது: துணி நல்லாவே இருக்கும், ஆனா நூல் வெயில்ல மக்கிப் போயிருக்கும். காட்டன் நூலால தைச்சா மறுபடியும் அதே கதை. வெயில் தாங்குற பாலியஸ்டர் நூல் வாங்குங்க. முக்கியமா, பழைய ஓட்டைகள் வழியாவே ஊசியை விடுங்க. பக்கத்துல புதுசு புதுசா குத்தினா தபால்தலை கிழிக்கிற மாதிரி நேர்க்கோட்டுல கிழிஞ்சு வந்துடும்.

தண்ணி தேங்குறது: நம்ம ஊர் ஐப்பசி மழைக்கு இதுதான் பெரிய எமன். 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் படுதான்னா 7.5 சதுர மீட்டர். அது மேல 10 மில்லிமீட்டர் மழை பெஞ்சு வழியாம தேங்கிட்டா 75 லிட்டர், அதாவது 75 கிலோ! ஒரு ஆளே ஏறி நடுவுல உட்கார்ந்த மாதிரி. அலுமினியக் கால் வளையாம என்ன பண்ணும்? அதனால விரிக்கும்போதே ஒரு பக்கக் காலைக் கொஞ்சம் தாழ்த்தி வைங்க. தண்ணி தானா வழிஞ்சு போயிடும்.

காத்து: மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல காத்து நேரா மோதினா, அதே படுதா மேல கிட்டத்தட்ட 57 கிலோ தள்ளுவிசை விழும். கீழேயிருந்து தூக்கினா குடை கவிழ்ற மாதிரி கவிழும். காத்து எழுந்தா சுருட்டிடறதுதான் ஒரே வைத்தியம். லாரிக்காரங்க தார்ப்பாயை ஏன் அத்தனை கயிறு போட்டுக் கட்டறாங்கன்னு இப்போ புரியுதா?

பூஞ்சை: நனைஞ்ச படுதாவை அப்படியே சுருட்டி வெச்சா, ரெண்டு நாள்ல கறுப்புப் புள்ளி கோலம் போட்டுடும். மழை விட்டதும் விரிச்சுக் காய வைங்க. கறை போக பெட்ரோல், மண்ணெண்ணெய்னு எதையாவது ஊத்தாதீங்க. வெறும் சோப்பு, மெத்துனு ஒரு பிரஷ், பொறுமை. இந்த மூணு போதும்.

கிறீச் சத்தம்: மூட்டுகளுக்கு கிரீஸைத் தடவினா ஒரகடம் லாரி ரோட்டுத் தூசி மொத்தமும் வந்து ஒட்டிக்கும். காய்ஞ்ச மாதிரி நிக்கிற சிலிக்கான் ஸ்ப்ரே அடிங்க.

வளைஞ்ச கால்: நிமிர்த்திடலாம்னு சுத்தியலைத் தூக்காதீங்க. ஒருமுறை மடிஞ்ச அலுமினியம் அதே இடத்துல மறுபடி மடியும், இல்லேன்னா உடையும். மாத்திடறதுதான் மரியாதை.

இதுக்கு மேல 'நோ என்ட்ரி'

இனிமே வர்றது கெட்ட சேதி. ஒரு பக்கம் வேகமாவும் இன்னொரு பக்கம் சோம்பலாவும் சுருளுதா? பாதியில நின்னு போகுதா? ராட்செட் லீவரைத் தள்ளினாலும் பிடிக்காம வழுக்குதா? அப்போ பிரச்னை குழாய் முனையில. ஸ்ப்ரிங்ல சுத்து குறைஞ்சிருக்கும், உடைஞ்சிருக்கும், இல்லேன்னா ராட்செட் பல் தேய்ஞ்சிருக்கும். முழுத் துணியையும் மாத்தணும்னாலும் முனை மூடியைக் கழட்டாம நடக்காது.

யூ-டியூப்ல பத்து நிமிஷ வீடியோ பார்த்துட்டு தனியா ஸ்க்ரூ டிரைவரோட கிளம்பற இடம் இது இல்லை. தெரிஞ்சவங்க எப்படிப் பண்றாங்கன்னு மட்டும் பாருங்க. அந்த வரிசையிலதான் விஷயமே இருக்கு.

காத்து இல்லாத நேரம். சமதளத்துல வண்டி. குறைஞ்சது ரெண்டு பேர், மூணு பேர்னா நல்லது. கைக்கு கனமான கிளவுஸ், கண்ணுக்கு கண்ணாடி. முதல்ல குழாய் உருளாதபடி கட்டிப் போடுறாங்க. ராட்செட்ல அதுக்குன்னே ஒரு துளை இருந்தா, அதுல காட்டர் பின் மாட்டி ஸ்ப்ரிங்கைப் பூட்டுறாங்க. அப்படிப் பூட்ட வழி இல்லாத பக்கத்துல, முனை மூடியை வைஸ் கிரிப் பிளையரால இறுக்கிப் பிடிச்ச பிறகுதான் ரிவிட்டைத் துளைக்கிறாங்க. ரிவிட் போனதும் மூடி சுழலத் துடிக்கும். அதை சட்டுனு விடாம, கைப்பிடியில ஒவ்வொரு சுத்தா விட்டு, வாய்விட்டு எண்ணி எண்ணி முறுக்கைக் கழிக்கிறாங்க. ஒன்று... இரண்டு... மூன்று... முகமும் உடம்பும் அந்த பிளையர் சுழலற வட்டத்துக்கு வெளியே. எண்ணின எண்ணிக்கையை டேப்ல எழுதி அந்த முனையிலேயே ஒட்டிடறாங்க.

ஏன் எண்ணணும்? திருப்பிப் பூட்டும்போது அதே எண்ணிக்கையை முறுக்கணுமே! படுதாவோட அகலத்தைப் பொறுத்து எத்தனை சுத்துன்னு கம்பெனி மேனுவல்ல அட்டவணை இருக்கும். இடது பக்க ஸ்ப்ரிங்குக்கும் வலது பக்க ஸ்ப்ரிங்குக்கும் முறுக்குற திசை எதிரெதிர். மாத்தி முறுக்கினா ஸ்ப்ரிங் பாழ். குறைச்சு முறுக்கினா படுதா தொங்கும். 'இன்னும் நாலு சுத்து சேர்த்துப் போடுவோம், சும்மா ஜிவ்வுனு போகும்'னு கூட்டினா, அடுத்து கழட்டப்போற அப்பாவிக்கு வர்க்கக் கணக்குல அடி!

மொத்த வேலையையும் ஒரே வரியில சொல்லணும்னா இதுதான்: சக்தி எங்கே ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சு, அதை முதல்ல பூட்டு அல்லது கழி, ஸ்பேனரை அப்புறம் எடு.

கேட்டுக்குள்ள போனதும்...

இப்போ கேரவனை ஓரமா நிறுத்திட்டு ஃபேக்டரி கேட்டுக்கு வாங்க. நிறைய பேர் நினைக்கிறது என்ன? ஸ்விட்ச் ஆஃப் பண்ணினா மெஷின் செத்துடுச்சு. தப்பு பாஸ்! அது தூங்குது.

பெரிய லாரிகளோட பின் சக்கரத்துல ஸ்ப்ரிங் பிரேக் சேம்பர்னு ஒரு தகர டப்பா மாதிரி இருக்கும். காத்து அழுத்தம் போனாலும் வண்டி உருண்டுடக் கூடாதுன்னு உள்ளே ஒரு முரட்டு ஸ்ப்ரிங் நசுங்கி உட்கார்ந்திருக்கு. அதை போல்ட் போட்டு அடக்காம டப்பாவோட வளையத்தைக் கழட்டினா, மூடி குண்டு மாதிரி பறக்கும். காரோட சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டும் அப்படித்தான். கம்ப்ரஸர் ஆஃப் ஆனாலும் ஹோஸுக்குள்ள காத்து நிக்கும். மேலே தூக்கி வெச்ச டை, கரன்ட் இல்லேன்னாலும் பூமியை நோக்கித்தான் வரும். சென்சாரை ஏதோ ஒண்ணு மறைச்சதால நின்ன மெஷின், அதை நீங்க கையை விட்டு எடுத்த அடுத்த நொடி, விட்ட இடத்துலேர்ந்து வேலையை ஆரம்பிக்கும்.

இதுக்கு உலகம் பூரா ஒரு பழக்கம் இருக்கு. 'லாக்-அவுட், டேக்-அவுட்'. அமெரிக்காவுல 1989-ல் இதை விதியாவே கொண்டு வந்தாங்க. ரிப்பேருக்குக் கை வைக்கிற ஆள் மெயின் ஸ்விட்சை அணைச்சு அதுல தன் சொந்தப் பூட்டைப் போட்டு, தன் பேர் எழுதின அட்டையை மாட்டணும். சாவி அவர் பாக்கெட்ல. அதோட முடியலை. உள்ளே மிச்சம் இருக்கிற காத்து, முறுக்கு, உயரம் எல்லாத்தையும் கழிக்கணும். கடைசியா ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, நிஜமாவே உயிர் இல்லைன்னு உறுதி பண்ணணும். அப்புறம்தான் கை உள்ளே போகணும். படுதாவுல காட்டர் பின் மாட்டி, சுத்துகளை எண்ணிக் கழிச்சாங்களே... அதே பாடம்தான், வேற யூனிஃபார்ம்ல!

இது பரீட்சைக்கான பாடம் மட்டும் இல்லைங்கிறது நம்ம ஏரியாவுக்கு நல்லாவே தெரியும். 2010 அக்டோபர் கடைசியில, ஸ்ரீபெரும்புதூர்ல இருந்த நோக்கியா ஆலையில ஒரு இளம்பெண் ஊழியர் மெஷினுக்குள்ள சிக்கி உயிரிழந்தார். அந்த ஆலை 2014-ல் மூடப்பட்டது. ஆனா அன்னிக்கு அந்த ஷிஃப்ட்ல இருந்தவங்க அதை மறந்திருக்க மாட்டாங்க. ஹரியானாவுல குருகிராம்-மானேசர் பகுதியில ஆரம்பிச்ச 'சேஃப் இன் இந்தியா ஃபவுண்டேஷன்'ங்கிற அமைப்பு, 2019-லேர்ந்து 'க்ரஷ்டு'ங்கிற பேர்ல அறிக்கைகள் வெளியிடுது. வாகன உதிரிபாகம் செய்யற இடங்கள்ல விரல்களை இழந்தவங்களைப் பத்தின அறிக்கைகள். அதுல திரும்பத் திரும்ப வர்ற பேரு, பவர் பிரஸ். விரல் போனவங்கள்ல நிறைய பேர் உங்க வயசுக்காரங்க, பெரும்பாலும் கான்ட்ராக்ட்ல வந்தவங்க.

அதனால, டிரெய்னியா சேர்ந்த முதல் வாரம் 'எத்தனை பீஸ் எடுக்கணும்?'னு கேட்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. "இந்த மெஷின் நின்ன பிறகும் உள்ளே என்ன சக்தி மிச்சம் இருக்கும்? அதை எங்கே பூட்டணும்? பூட்டோட சாவி யார்கிட்ட?" பதில் தெரியாத சூப்பர்வைசர் முறைச்சா முறைக்கட்டும். "டைம் இல்லைப்பா, சும்மா கையை விட்டு எடு"ன்னு யாராவது சொன்னா, அந்த இடத்துல 'தெரியாதுங்க, நான் பண்ண மாட்டேன்'னு சொல்றது கோழைத்தனம் ஆகாது. டார்கெட்டை அடுத்த ஷிஃப்ட்ல பிடிச்சுக்கலாம். விரலுக்கு அடுத்த ஷிஃப்ட் கிடையாது.

எங்கே கத்துக்கலாம்?

லைன்ல நிக்கிற வேலையில ஒரு குறை உண்டு. எட்டு மணி நேரமும் ஒரே போல்ட்டு. அதுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு தெரியாமலே வருஷம் ஓடிடும். ரிப்பேர் அப்படி விடாது. ஒரு பொருள் ஏன் வேலை செஞ்சுதுன்னு தெரிஞ்சாதான், ஏன் நின்னுதுன்னு கண்டுபிடிக்க முடியும். கேரவன் படுதா அதுக்கு அருமையான குட்டிப் பாடப்புத்தகம். துணி, தையல், அலுமினியம், ஸ்ப்ரிங், ராட்செட், நெம்புகோல்னு ஒரே பொருள்ல நாலு டிபார்ட்மென்ட்!

கேரவன் கிடைக்கலையா? கவலையே வேண்டாம். உங்க ஊர் ஷட்டர் ரிப்பேர் கடையில ஒரு ஞாயித்துக்கிழமை போய் நில்லுங்க. ஸ்ப்ரிங்கைக் கழட்டும்போது அவங்க எங்கே நிக்கிறாங்க, எங்கே நிக்க மாட்டாங்கன்னு மட்டும் கவனிங்க. ஆட்டோவுக்கு ரெக்ஸின் டாப் தைக்கிற கடையில அரை நாள் உட்காருங்க. எந்தத் துணிக்கு எந்த ஊசி, ஓரத்துல கயிறு வெச்சு எப்படி மடிக்கிறதுன்னு அங்கே தெரிஞ்சுக்கலாம். லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவங்க, கண்ணி அடிக்கிற இடத்துல துணியை ஏன் ரெண்டு மூணு மடிப்பா வைக்கிறாங்கன்னு கேளுங்க. பஸ் பாடி கட்டுறதுல பேர் வாங்கின கரூர்ல சொந்தக்காரங்க இருந்தா, லீவுக்குப் போறப்போ ஒரு பட்டறையை எட்டிப் பாருங்க. டிகிரி கேட்க மாட்டாங்க. 'குறுக்கே நிக்காதே தம்பி'ன்னு மட்டும் சொல்லுவாங்க. அதுலயே பாதி பாடம் இருக்கு!

மெக்கானிக்கல் படிக்கிறவங்க ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு ஐடியா தேடி அலையறீங்கல்ல? தண்ணி தேங்கினா தானாவே சாயற படுதாக் கால், முனை மூடியைக் கழட்டினாலும் சுழலாத ஸ்ப்ரிங் பூட்டு, எத்தனை சுத்து முறுக்கியிருக்குன்னு வெளியிலேர்ந்தே காட்டுற ஒரு எளிய மீட்டர்... மூணும் ஃப்ரீ! ஜெயிச்சா ட்ரீட் மட்டும் மறந்துடாதீங்க.

கட் பண்ணி வெச்சுக்குங்க!

* தொடுறதுக்கு முன்னாடி கேள்வி: சக்தி எங்கே? முறுக்கு, அழுத்தம், உயரம், கரன்ட்... நாலையும் தேடு.

* பூட்டு. பூட்டினது உன் பூட்டா? சாவி உன் பாக்கெட்லயா?

* கழிக்கும்போது மெதுவா, எண்ணி எண்ணி. எண்ணிக்கையை எழுதி அங்கேயே ஒட்டு.

* கழன்று பறந்தா எந்தத் திசையில பறக்கும்? அந்தத் திசையில நிக்காதே.

* தனியா செய்யாதே. கூட இருக்கிற ஆள் செல்போன் பார்த்துக்கிட்டிருந்தா, அதுவும் தனியா செய்யறதுதான்.

* தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு.

அடுத்த தடவை செம்பரம்பாக்கம் சிக்னல்ல பளபளன்னு ஒரு கேரவன் வந்து நின்னா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கண்ணாடிக்குள்ள ஹீரோவைத் தேடட்டும். நீங்க மேலே அந்தக் குழாயைக் காட்டி, "மச்சி, உள்ளே 99 ஜூல் தூங்குது தெரியுமா?"ன்னு ஒரு பிட்டைப் போடுங்க. அவன் முழிக்கிற முழிக்கே சிக்னல் போட்டுடும்!